சைக்கிள் பள்ளி வாசலோடு நின்றுவிட வேண்டுமா?

பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய மிதிவண்டி எங்கள் கைக்கு வந்த நாளை நாங்கள் மறக்க மாட்டோம். பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராகப் போய் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். சீட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மனம் வராமல், அது தானாகக் கிழியும் வரை அப்படியே ஓட்டியவர்கள் எங்களில் பலர்.

அந்த மிதிவண்டி எத்தனை நாள் எங்களுடையது? இரண்டே ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு அது தம்பிக்குப் போகிறது. அல்லது நூல் எடுத்துவர அப்பாவுக்குப் போகிறது. சில வீடுகளில் விலைக்கும் போகிறது. கையில் இருக்கும் அந்த இரண்டு ஆண்டுகளிலும் அது ஓடும் பாதை ஒன்றுதான். காலையில் வீட்டிலிருந்து பள்ளி. மாலையில் பள்ளியிலிருந்து வீடு. இடையில் ஒரு தெரு திரும்பினால்கூட, ‘ஏன் நேரமாயிற்று?’ என்ற கேள்வி வாசலில் காத்திருக்கும்.

சைக்கிள் நம்மைப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பெரிய காரியம். அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது பள்ளி வாசலோடு நின்றுவிட வேண்டுமா? நம்மைச் சுற்றியுள்ள குன்றுகளையும் கோட்டைகளையும் குகைக் கோயில்களையும் நாமே மிதித்துச் சென்று பார்க்கக் கூடாதா? பார்க்க வேண்டும், அதற்குப் பள்ளியும் பெற்றோரும் வழிசெய்ய வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அதற்கான காரணங்களை இவ்வாண்டு மலரில் பணிவோடு எழுதுகிறோம்.

முதலில் எங்கள் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம். சென்ற தை மாதம் ஒரு சனிக்கிழமை, நாங்கள் எட்டுப் பேர், உடற்கல்வி ஆசிரியையும் எங்களில் ஒருத்தியின் அப்பாவும் துணைவர, பெரணமல்லூரிலிருந்து சீயமங்கலத்துக்குச் சைக்கிளில் சென்றுவந்தோம். தேசூருக்கு அருகில் உள்ள சிற்றூர் அது. விடியற்காலையில் புறப்பட்டோம். பனி இன்னும் விலகவில்லை. தெருவில் பாவு நீட்டத் தொடங்கியிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, ‘எங்கம்மா இத்தனை பேரும் கிளம்பிட்டீங்க?’ என்று கேட்டார்கள். ‘கோயில் பார்க்கப் போகிறோம், மாமா’ என்றதும் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள்.

பேருந்தில் போகும்போது நம் வட்டாரம் முழுவதும் சமதரை என்றே நினைத்திருந்தோம். அது எவ்வளவு தவறு என்று கால்கள் சொல்லித்தந்தன. ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. கரை இறங்கினால் மிதிக்காமலே வண்டி ஓடுகிறது. ஏரியின் கீழ்ப்புறத்தில் நெல். மேட்டு நிலத்துக்கு வந்ததும் மல்லாட்டைக் கொல்லை. இன்னும் மேடேறினால் கரம்பும் பாறையும். தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதைப் புவியியல் பாடத்தில் படித்ததைவிட அந்த ஒரு காலையில் அதிகம் தெரிந்துகொண்டோம். எதிர்க்காற்றில் இருவர் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். மற்றவர்கள் மரத்தடியில் நின்று காத்திருந்தோம். ஒரு வண்டிக்குப் பஞ்சர். மூன்று வண்டிகளுக்குச் செயின் கழன்றது. செயினை மாட்டத் தெரியாதவர் என்று மாலையில் எங்களில் ஒருவரும் இல்லை.

சீயமங்கலத்தில் பாறையைக் குடைந்து எடுத்த குகைக் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் செய்வித்தது. அவனிபாஜன பல்லவேச்சுரம் என்று அவன் அதற்குத் தன் பட்டப்பெயரையே சூட்டியிருப்பதைக் கல்வெட்டு கூறுகிறது. தூணொன்றின் மேற்பகுதியில் சிவன் ஆடும் சிறிய சிற்பம் உள்ளது. தில்லை நடராசர் செப்புத் திருமேனிகளைப் படத்தில் கண்டு பழகிய நமக்கு, அவற்றுக்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே நம் பக்கத்து ஊர்க் கல்லில் அந்த ஆட்டம் தொடங்கிவிட்டது என்பது வியப்பாக இருக்கிறது. அதே ஊர்க் குன்றின் மேலேறினால் பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலி ஆகியோரின் சமணச் சிற்பங்களைப் பாறை முகத்தில் காணலாம். வண்டிகளைக் கீழே நிறுத்திவிட்டு நடந்தே ஏறினோம். மேலே நின்று வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபோது, அத்தனை தூரத்தையும் நம் கால்களால்தான் கடந்தோம் என்பதை நம்பவே முடியவில்லை.

பேருந்தில் போனாலும் இதே சிற்பங்களைத்தானே பார்ப்பீர்கள் என்று கேட்கலாம். சிற்பம் அதேதான், பார்க்கும் கண் வேறு. எங்கள் வகுப்பு முன்பு ஒருமுறை செஞ்சிக்கு வேனில் சுற்றுலா சென்றது. வேனில் பாட்டு, நொறுக்குத்தீனி, தூக்கம். கண் விழித்தால் கோட்டை வாசல். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்த கோட்டை அது. ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். 1677இல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். பின்னர் அவருடைய மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அதை முற்றுகையிட்டது. 1750இல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸியின் தலைமையில் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இவ்வளவும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஆனால் ஒரு கோட்டையைப் பிடிக்க ஏன் எட்டு ஆண்டுகள் ஆயின என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஓர் ஏரிக்கரை மேட்டில் சைக்கிள் மிதித்து இளைத்த பிறகே, அந்தச் செங்குத்துப் பாறையில் ஆயுதமும் உணவும் சுமந்து ஏறிய மனிதர்களை நினைத்தோம். மேட்டின் அருமை மிதித்தவருக்கே தெரியும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் இராணுவக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அந்தப் பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி இடம்பெற்றது. உலகம் தேடிவரும் இடம் நம் அண்டையிலேயே இருக்கிறது.

செஞ்சி மட்டுமா? வந்தவாசியை எண்ணிப் பாருங்கள். 1760 ஜனவரி 22ஆம் நாள் அங்கே அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயரும் லாலியின் தலைமையில் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள், புஸ்ஸி சிறைப்பட்டார். அடுத்த ஆண்டு புதுச்சேரியும் வீழ்ந்தது. இந்தியாவை எந்த ஐரோப்பியர் ஆள்வது என்ற கேள்விக்கு நம் சந்தை ஊரில் விடை எழுதப்பட்டது. மேற்கே தேவிகாபுரத்தில் விஜயநகரக் காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயில். அருகிலேயே கனககிரிக் குன்று. போளூர்ப் பக்கம் திருமலையில் சமணக் கோயில்களும், குகை ஓவியங்களும், பாறையில் செதுக்கிய உயரமான நேமிநாதர் சிலையும் உள்ளன. முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிகளைப் பட்டியலிடும் புகழ்பெற்ற கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. சேத்துப்பட்டில், பிரெஞ்சு மறைபணியாளரான தந்தை தாராஸ் அவர்களின் உழைப்பால் எழுந்த லூர்து அன்னை ஆலயம். படையோடு வந்த பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்றது இடிந்த மதில். செபமாலையோடு வந்த பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்றது இன்றும் மக்கள் கூடும் ஆலயம்.

இனி அந்தப் பிரெஞ்சு நாட்டில் சைக்கிள் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்ப்போம். ‘தூர் த பிரான்சு’ என்ற நாடு சுற்றும் சைக்கிள் பந்தயம் 1903இல் அங்கே தொடங்கியது. மலைகளையும் சமவெளிகளையும் கடந்து ஏறத்தாழ மூன்று வாரம் நடக்கும். அதை ஒளிபரப்பும்போது வழியிலுள்ள பழைய கோட்டைகளையும் மடாலயங்களையும் காட்டிக்கொண்டே வருவார்கள். பந்தயம் பார்க்க உட்கார்ந்தவர் வரலாறும் கற்று எழுந்திருக்கிறார். பந்தயம் ஓடாதவர்களுக்கும் அங்கே வழி உண்டு. குன்றுகளின் மண்பாதைகளில், ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களும் கொண்ட குறியைப் பார்த்துக்கொண்டே மலைச் சைக்கிளில் ஊர் ஊராகப் போகலாம். அகலமான, முள் பதித்தாற்போன்ற டயர்களும், ஏற்றத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் பல கியர்களும் உடைய வண்டி அது. 1970களில் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் குன்றுச் சரிவுகளில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களைத் திருத்தி ஓட்டியதில் பிறந்தது. 1996இல் ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆயிற்று.

அந்த நாட்டிலும் பெண்களுக்கு எல்லாம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. ஆண்கள் 1903 முதல் ஓடிய அந்தப் பந்தயத்தின் நிருவாகத்தார், 1984இல்தான் பெண்களுக்கும் ஒன்றைத் தொடங்கினார்கள். 1989க்குப் பிறகு அது நின்றுபோயிற்று. 2022இல் மீண்டும் தொடங்கியது. பாலின் ஃபெரான் பிரெவோ என்ற பிரெஞ்சுப் பெண்மணி 2024 பாரிசு ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டியில் தங்கம் வென்றார். அந்தப் போட்டி நடந்த எலான்கூர் குன்றின் உயரம் 231 மீட்டர். நம் ராஜகிரியும் ஏறத்தாழ அந்த அளவுதான்! மறு ஆண்டே அவர் ஏறத்தாழ 2000 மீட்டர் உயர மலைக்கணவாயில் ஏறி, பெண்களின் நாடு சுற்றும் பந்தயத்தையும் வென்றார். முப்பத்து மூன்று ஆண்டுகள் மூடிக்கிடந்த கதவு திறந்த பின்பே இப்படி ஒருவரைக் காண முடிந்தது. கதவு திறக்கவில்லையென்றால் அவருடைய ஆற்றலை யார் அறிந்திருப்பார்?

நம் அருட்சகோதரிகளுக்கு ஒரு செய்தி மகிழ்ச்சி தரும். இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகில் ஒரு மலையுச்சியில் கிசல்லோ மாதா சிற்றாலயம் உள்ளது. சைக்கிள் ஓட்டுவோர் மூச்சு வாங்க ஏறிவந்து இறங்கி நிற்கும் இடம் அது. 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த மாதாவைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். புகழ்பெற்ற வீரர்கள் காணிக்கையாகத் தந்த சைக்கிள்கள் அந்த ஆலயச் சுவர்களில் தொங்குகின்றன. திருச்சபை சைக்கிளை ஆசீர்வதித்திருக்கும்போது, நாம் தயங்குவானேன்?

எதிர்ப்புகளும் உண்டு என்பதை அறிவோம். சீயமங்கலம் போவதற்கு முன் அவற்றையெல்லாம் எங்கள் வீடுகளிலேயே கேட்டோம்.

‘சாலையில் லாரியும் பேருந்தும் போகின்றன, பயமாக இருக்கிறது’ என்பது முதலாவது. இது நியாயமான அச்சம். இதைப் பெற்றோர் சொல்வது அன்பினால்தான். அதனால்தான் நெடுஞ்சாலையை விட்டுக் கிராமச் சாலைகளில் போக வேண்டும், ஒற்றை வரிசையில் போக வேண்டும், பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும் என்கிறோம். வண்டிகளின் பிரேக்கை முந்தின நாளே சரிபார்க்கவும் வேண்டும். நாள்தோறும் பள்ளிக்குத் தனியே ஓட்டிவரும் பெண், ஆண்டுக்கு ஒருநாள் ஆசிரியையின் துணையோடு ஓட்டுவதில் ஆபத்து கூடிவிடுமா என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘பெண் பிள்ளைகளின் உடம்பு இவ்வளவு தூரம் தாங்காது’ என்பது இரண்டாவது. இதைக் கேட்கும்போதுதான் எங்களுக்கு வருத்தம். எங்களில் பாதிப் பேர் நெசவு வீட்டுப் பிள்ளைகள். எங்கள் அம்மாக்கள் தறிக்குழியில் கால்களை இறக்கி, காலை முதல் விளக்கு வைக்கும் வரை மிதி மிதிக்கிறார்கள். ஒரு பட்டுச் சேலை முடிய எத்தனை ஆயிரம் முறை மிதிக்க வேண்டும் என்று யாரும் எண்ணியதில்லை. பெண் உடம்பு அதைத் தாங்காது என்றும் யாரும் சொன்னதில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து மிதிக்கலாம், ஊரைத் தாண்டி மிதிக்கக் கூடாது என்பது உடம்பைப் பற்றிய கவலைதானா?

‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்பது மூன்றாவது. உண்மையில் இதுவே முதலாவது. இதற்குப் புதுக்கோட்டைப் பெண்கள் விடை சொல்லிவிட்டார்கள். சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் நார்த்தாமலையும் உள்ள அந்த மாவட்டமும் நம்முடையதைப் போலப் பாறைக்குன்றுகளின் பூமிதான். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத்தந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். வயல் வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்டோர் கொடிகளோடு சைக்கிளில் அணிவகுத்து வந்தார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம், அதுவே வசதி என்றார்கள். முதலில் அங்கும் நாலு பேர் பேசினார்கள், கேலியும் செய்தார்கள். ஓட்டியவர்கள் பெருகப் பெருகப் பேச்சு அடங்கியது.

சைக்கிள் பெண்ணின் தூரத்தை மாற்றுகிறது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. நம் மாநிலத்தில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்குத் தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டம் 2005-06 முதல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தரத் தொடங்கியது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு அதனால் 32 விழுக்காடு கூடியது என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆய்ந்து கூறியுள்ளார்கள். பள்ளி வரையிலான தூரத்தைச் சைக்கிள் வென்றுவிட்டது. பள்ளிக்கு அப்பால் உள்ள தூரத்தை வெல்வது இனி நம் பொறுப்பு.

எங்கள் அண்ணன்மார் நினைத்த மாத்திரத்தில் நண்பர்களோடு செஞ்சிக்குப் போய்வருகிறார்கள். வந்து கதை சொல்கிறார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்கள் போவதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. எங்களுக்கும் சொல்ல ஒரு கதை வேண்டும் என்பதுதான் ஆசை.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, ஆண்டுக்கு ஒருநாள் பள்ளியின் சார்பில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியரின் சைக்கிள் பயணம் நடத்தப்பட வேண்டும். மார்கழியோ தையோ ஏற்ற மாதம், வெயில் கொல்லாது. முதல் ஆண்டு சேத்துப்பட்டு, அடுத்து சீயமங்கலம், அதன்பின் தேவிகாபுரம், பழகியபின் திருமலை என்று படிப்படியாகப் போகலாம். செஞ்சி கடைசியில். மலைச் சைக்கிளும் கியரும் வேண்டாம். இப்போது இருக்கும் வண்டியே போதும். மேடு கடுமையானால் இறங்கித் தள்ளுவோம். தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இரண்டு, போகும் இடத்தைப் பற்றி வரலாற்று ஆசிரியை முந்தின வாரமே ஒரு பாடவேளை பேச வேண்டும். திரும்பிய பின் மாணவியர் கண்டதை எழுதி, அடுத்த ஆண்டு மலரில் வெளியிட வேண்டும். அப்படிச் சில ஆண்டுகள் எழுதினால், நம் வட்டாரத்தைப் பற்றிய நல்லதொரு நூலே நம் பள்ளியில் உருவாகிவிடும்.

மூன்று, இது பெற்றோருக்கு. தேர்வு முடிந்த கையோடு மகளின் சைக்கிளை எடுத்துக்கொள்ளாதீர்கள். தம்பிக்கு அவன் பதினோராம் வகுப்பு வரும்போது அரசு தரும். அப்பாவின் அவசரத்துக்கு இரவல் கொடுக்க மகள் மறுக்க மாட்டாள். கல்லூரிக்கோ வேலைக்கோ போகும் வரை, அல்லது அதற்குப் பிறகும், அது அவளுடையதாகவே இருக்கட்டும்.

இதை எழுதும் எட்டுப் பேரில் ஒருத்தியின் வண்டிக்கு இப்போதே ஆள் பேசியாகிவிட்டது. சித்திரையில் அது வேறு வீட்டுக்குப் போகும். தறிக்கு வாங்கிய கடனில் ஒரு பகுதி அதனால் அடையும் என்பதால் அவள் மறுத்துப் பேசவில்லை. சீயமங்கலத்துக் குன்றின் அடியில் அந்த வண்டியோடு எடுத்த படத்தை மட்டும் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். ‘ஒரு தடவையாவது போய்வந்துவிட்டேன்’ என்கிறாள்.

அடுத்த ஆண்டு இந்த வகுப்பில் உட்காரப்போகும் தங்கைகள் அப்படி ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களும், ஆசிரியைகளும், பெற்றோரும் இவ்வேண்டுகோளை ஏற்று ஆவன செய்வார்கள் என்று நம்புகிறோம். தங்கைகளுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: விடியற்காலையில் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பஞ்சர் ஒட்டும் பொருள்களை மறக்காதீர்கள், பின்னால் வருபவளுக்காக மரத்தடியில் காத்திருங்கள்.